கிட்டாரும் நானும்

கிட்டாரை இத்தனை ஆண்டுகளாகப் பொழுதுபோக்காக மட்டுமே வைத்திருப்பதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. தேர்வு கிடையாது, போட்டி கிடையாது. பிடித்த மெட்டைப் பிடித்த நேரத்தில் வாசிக்கலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் எஃப் கார்டில்தான் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் விரல் பிடிகளில் ஒன்று) சோர்ந்துபோகிறார்கள். ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து ஆறு தந்திகளையும் முதல் ஃப்ரெட்டில், அதாவது கழுத்துப் பலகையில் குறுக்குக் கம்பிகளால் பிரிக்கப்பட்ட முதல் கட்டத்தில், அழுத்த வேண்டும். வலுவைக் கூட்டினால் மணிக்கட்டுதான் வலிக்கும். விரலைச் சற்றே பக்கவாட்டில் சாய்த்து, ஃப்ரெட் கம்பியை ஒட்டி வைத்துப் பாருங்கள். தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டினால் எது ஊமையாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆறும் முதன்முறையாகச் சேர்ந்து ஒலிக்கும்போது வரும் மகிழ்ச்சி இருக்கிறதே, அதற்கு ஈடில்லை!

வயதாகிவிட்டதே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி: ஸ்பெயினின் கிட்டார் கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியா 1987-இல் தமது 94-ஆம் வயதில் மறைந்தார், அந்த ஆண்டிலும் மேடையில் வாசித்தார். விலங்குக் குடலில் செய்த தந்திகளில் கற்றவர், பின்னாளில் நைலான் தந்திக்கு மாறிக்கொண்டார்.

நான் இப்போது ட்ரெமோலோ, அதாவது ஒரே சுரத்தை விடாமல் விரைந்து மீட்டும் முறை, பழகுகிறேன். கட்டைவிரல் ஒரு முறை, பிறகு மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல் மூன்றும் ஒரே தந்தியில் அடுத்தடுத்து. தாளம் காட்டும் மெட்ரோனோம் கருவி நிமிடத்துக்கு 60 தட்டில் நிதானமாக ஓடுகிறது. வேகம் வரும்போது வரட்டும். இதே பயிற்சியில் இருப்பவர்கள் எந்த வேகத்தில் பழகுகிறீர்கள், சொல்லுங்களேன்.