கூரை மடங்கும் பழைய கார்

ஓயாமல் மழை பெய்யும் இங்கிலாந்தில் கூரை மடக்கும் கார் எதற்கு என்று உறவினர்கள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். இரண்டே இருக்கைதானா என்று அம்மா தனியாகக் கேட்டார். நான் வாங்கியது 2001ஆம் ஆண்டின் மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமாகி, 2016இல் உற்பத்தியில் பத்து லட்சத்தை எட்டிய கார் இது. இவ்வளவு ஏராளமாக ஓடுவதால்தான், பின்சக்கர இயக்கமும் ஏறத்தாழ ஒரு டன் எடையும் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று என்னைப் போன்ற மாதச் சம்பளக்காரனுக்கும் பழைய வண்டி விலையில் கிடைக்கிறது. கூரையின் இரு கொக்கிகளை விடுவித்து, இருக்கையில் அமர்ந்தபடியே அதைப் பின்னால் தள்ளிவிடலாம்.

பழைய வண்டி வாங்குவோர் என்ஜினைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். இதில் பார்க்கவேண்டியது துருவை. கூரையில் வழியும் நீர், இருக்கைகளுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள வடிகால்கள் வழியாகப் பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னே வெளியேற வேண்டும். அவற்றைச் சருகு அடைத்துக்கொண்டால், கதவுக்கு அடியிலுள்ள சட்டம் உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும்; வெளியே பெயிண்ட் கொப்புளிக்கும்போது காலம் கடந்திருக்கும். சென்ற அக்டோபரில், என் சோம்பலின் பலனாக, கால்விரிப்பை அழுத்திய விரல்களுக்கிடையே தண்ணீர் ஊறி வந்தது. புல்வெட்டும் கருவியின் நைலான் நரம்பை வடிகாலுக்குள் விட்டு மெல்லச் சுழற்றினேன்; கறுப்புச் சேறு சொட்டி, பிறகு தெளிந்த நீர் ஓடியது.

பின்பெட்டி காய்கறிக்கே நிறைந்துவிடுவதால், பத்து கிலோ அரிசி மூட்டையைப் பக்கத்து இருக்கையில் அமர்த்தி, அதற்கும் சீட் பெல்ட் மாட்டிவிடுகிறேன்.