நிலாவுல முயலா, வடை சுடுற பாட்டியா?

சின்னப் பிள்ளையா இருந்தப்போ சீனங்க பொங்கலை லேட்டா வைக்கிறாங்கன்னுதான் நெனச்சிக்கிட்டு இருந்தேன். சிரிக்காதீங்க. சீனப்பெருநாள் எட்டாம் நாள் ராத்திரி ஆச்சுன்னா பினாங்கு ஆயர் ஈத்தாம்ல எங்க வரிசையில இருந்த ஹொக்கியன் சீனங்க வீட்டு வாசல்ல எல்லாம் மேசை போட்டு, ரெண்டு பக்கமும் தோகையோட நெட்ட நெட்டக் கரும்பு கட்டி வச்சிருப்பாங்க, பொங்கல் இல்லாம வேற என்னவாம்? பன்னெண்டு மணிக்கு பட்டாசு, மறுநாள் பக்கத்து வீட்டு ஆ மா, அதான் சீனப் பாட்டி, கரும்புத் துண்டும் செவப்பு ஆங்கூ கூவே பலகாரமும் குடுப்பாங்க, தின்னுட்டு விளையாடப் போயிடுவோம். ஏன் கரும்புன்னு ஒருத்தரும் கேட்டதில்ல.

கதை என்னன்னு எனக்கு 41 வயசுலதான் தெரிஞ்சது. எதிரிங்க துரத்தினப்போ ஹொக்கியன் ஜனங்க கரும்புக் காட்டுல ஒளிஞ்சி தப்பிச்சாங்களாம், ஒம்பதாம் நாள் வெளிய வந்தா அன்னிக்கு தீ கோங்ங்கிற வானத்துச் சாமிக்குப் பிறந்தநாள், அதான் அவருக்குக் கரும்பு வச்சி நன்றி சொல்றது. ஹொக்கியன்ல கரும்புக்கு 'கம் சியா', நன்றிக்கும் கிட்டத்தட்ட அதே சத்தம்தான்.

இதைச் சொன்னது எங்க ப்ளோக்குக்கு நாலாவது மாடியில குடிவந்த ரிட்டயர்ட் சீனப்பள்ளி டீச்சர். பிள்ளைங்களுக்கு அவங்க லாவ் ஷி, எங்கம்மாவுக்கு டீச்சரம்மா. அம்மா சௌராஸ்தா மார்க்கெட்ல காய்கறி வித்த காலத்து ஹொக்கியன்ல "சியா பா போய்?" (சாப்பிட்டாச்சா?)னு ஆரம்பிச்சாங்கன்னா ரெண்டு பேரும் லிஃப்ட் வந்து போறதைக்கூட கவனிக்கமாட்டாங்க.

2025-ல மூன்கேக் பெருநாள், அதான் சீனங்களோட நிலாத் திருநாள், அக்டோபர் 6, தீபாவளிக்கு சரியா ரெண்டு வாரம் முன்ன. டீச்சர் என்கிட்ட வந்து, பிள்ளைங்க வருஷா வருஷம் தாங்லோங் விளக்கு தூக்கிட்டு சுத்துதுங்க, மூன்கேக் தின்னுதுங்க, ஒரு கவிதையாவது சொல்லிக்குடுக்கலாமே, நீ தமிழ்ல மாத்திக் குடுன்னாங்க. எனக்கு மெண்டரின் எழுத்து நாலு தெரிஞ்சா அதிகம், சரின்னு தலையாட்டிட்டேன்.

கவிதை லீ பாய் எழுதினது, தாங் ராஜாங்க காலம், 701-ல பிறந்து 762-ல செத்தவர், சீனப்பள்ளியில படிச்ச எந்தப் பிள்ளையைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கும். நாலே வரி, வரிக்கு அஞ்சு எழுத்து, ஆக மொத்தம் 20. நம்ம குறள் மாதிரி சிக்கனம். நாம வரி ஆரம்பத்துல எதுகை மோனை பிடிக்கிறோம், அவங்க வரிக் கடைசியில பிடிக்கிறாங்க, குவாங், ஷுவாங், சியாங்னு மணி அடிச்சமாதிரி முடியும்.

டீச்சர் ஒவ்வொரு எழுத்தா விளக்க, நான் பழைய பில் பின்னாடி எழுதிக்கிட்டேன்:

கட்டில் முன்னாடி நிலா வெளிச்சம்,
தரையில உறைபனியோன்னு ஒரு சந்தேகம்,
தலை நிமிர்ந்தா நிலா,
தலை குனிஞ்சா ஊர் ஞாபகம்.

உறைபனிதான் மாட்டிக்கிச்சு. பினாங்குல பிறந்த பிள்ளைக்கு உறைபனியை எங்க காட்டுறது? கடைசியில ஃப்ரீசர் சுவத்துல வெள்ளையா ஒட்டிக்கிட்டு இருக்குமே, அதைச் சொரண்டிக் காட்டினேன், உடனே புரிஞ்சிடுச்சு. ஆனா கடைசி வரியில ஒரு கஷ்டமும் இல்ல. பிறந்து வளர்ந்த மண்ணை அவங்க 'கூ சியாங்'ங்கிறாங்க, நமக்குத்தான் ஊர்னு ஒரு சொல் ரெடியா இருக்கே! எங்க பாட்டி ஊர்னா அது தமிழ்நாடு, எங்கம்மா ஊர்னா அது கெடாவுல வித்துப்போன தோட்டம், என் மகளைக் கேட்டா மூணாவது மாடிங்கிறா. டீச்சருக்கு? அப்பா சீனாவுல விட்டுட்டு வந்த ஃபூஜியான் கிராமத்தை அவங்க பார்த்ததே இல்லையாம்.

நிலாவுல ஒரு முயல் மருந்து இடிச்சிக்கிட்டு இருக்கு, சாங் ஏங்கிற அம்மா அமிர்தம் மாதிரி ஒண்ணைக் குடிச்சிட்டு அங்க பறந்து போயிட்டாங்கன்னு டீச்சர் சொல்ல, என் மகள் எழுந்து நின்னு, இல்ல, அங்க பாட்டி வடை சுடுறாங்கன்னு அடம். ஒரே சண்டை. கடைசியில முயல் இடிக்கிறது வடைக்கு மாவுதான்னு பிள்ளைங்களே சமாதானம் பண்ணிக்கிச்சுங்க, நாங்க ரெண்டு பேரும் தலையிடல.

6-ஆம் தேதி திங்கக்கிழமை, மறுநாள் ஸ்கூல், அதனால 4-ஆம் தேதி சனிக்கிழமையே கீழ பூப்பந்து கோர்ட்ல வச்சிக்கலாம்னு முடிவு பண்ணினோம். தேதி பார்த்தது நான்தான், என் புத்தியை எதால அடிக்கிறது? டீச்சர் சொந்தக் காசுல மூணு பெட்டி மூன்கேக் வாங்கி, வெட்டி, உள்ள உப்பு முட்டை மஞ்சக்கரு நிலா மாதிரி தெரியிற மாதிரி தட்டுல அடுக்கி வச்சிருந்தாங்க. வந்த ஆன்டிங்க ஒவ்வொருத்தரா தட்டைப் பார்த்துட்டு, "டீச்சர், இன்னிக்கு சைவம்." புரட்டாசி மூணாவது சனி! அந்தத் தட்டு அப்படியே இருக்கு, டீச்சர் முகத்தைப் பார்க்க முடியல. அப்புறம் மழை வேற. தாள் தாங்லோங் எல்லாம் கூழாப்போச்சு, பேட்டரி தாங்லோங் மட்டும் ஒரே பாட்டைப் பாடிக்கிட்டு இருந்துச்சு. பிள்ளைங்க படிக்கட்டுக்குக் கீழ ஒண்டிக்கிட்டு, இல்லாத நிலாவை அண்ணாந்து பார்த்து முதல்ல மெண்டரின்லயும் அப்புறம் தமிழ்லயும் ஒப்பிச்சதுங்க. மேடை போட்டு சிங்க நடனம், பரதம், சாப்பாடு, ஒற்றுமை வாழ்கன்னு முடிக்கிற நிகழ்ச்சி எத்தனையோ பார்த்தாச்சு, மனசுல நின்னது இந்தப் படிக்கட்டுதான்.

திங்கக்கிழமை ராத்திரி வானம் தொடச்சி விட்டாப்புல இருந்தது. காரிடார்ல நாற்காலி போட்டோம், ஃப்ரிட்ஜ்ல வச்சிருந்த மூன்கேக் வெளிய வந்துச்சு, அம்மா முதல் ஈடு முறுக்கைக் கொண்டாந்தாங்க. உங்ககிட்ட நிலாக் கவிதை இல்லையான்னு டீச்சர் கேக்க, புறநானூறு 112 ஞாபகம் வந்துச்சு. பாரி செத்த பிறகு அவர் மகளுங்க பாடினது. அற்றைத் திங்கள் அவ்வெண்ணிலவில் எங்களுக்கு அப்பா இருந்தார், மலை எங்ககிட்ட இருந்தது, இற்றைத் திங்கள் இவ்வெண்ணிலவில் மலையும் போச்சு, அப்பாவும் இல்ல. அவ்வளவுதான் பாட்டு. டீச்சர் ரொம்ப நேரம் பேசல. அப்புறம், திங்கள்னா என்னன்னு கேட்டாங்க. நிலாதான், மாசத்துக்கும் அதே சொல்தான்னேன். நாற்காலியை விட்டு எழுந்துட்டாங்க. சீனத்துலயும் 'யுவே'ன்னா நிலா, 'யுவே'ன்னா மாசம், ரெண்டுக்கும் ஒரே எழுத்தாம், முறுக்கு எண்ணெய் ஒட்டின விரலால காரிடார் சுவத்துல எழுதியே காட்டிட்டாங்க. இன்னிக்குக் கிழமையும் திங்கள்தான்னு நான் சொன்னதை அவங்க நம்பவே இல்ல, போன்ல காலண்டரைக் காட்டவேண்டியதாப்போச்சு.

அம்மாவுக்கு இதெல்லாம் காதுலயே விழல. "நாளைக்கு செவ்வாக்கிழமை, சைவம், தட்டுல இருக்கிறதை எல்லாம் இப்பவே தின்னு முடிங்க"ன்னு ஹொக்கியன்லயும் தமிழ்லயும் ஒரு தடவை சொல்லிட்டு, கடைசித் துண்டை எடுத்து வாயில போட்டுக்கிட்டாங்க.