ஜாவா 250: டைனமோவுக்குப் பதில் காந்த ஜெனரேட்டர்

என்னுடைய ஜாவா 250, மைசூரில் இருந்த ஐடியல் ஜாவா ஆலையில் 1960-களில் செய்தது. வலப்பக்க மூடியைக் கழற்றினால் டைனமோ தெரியும்: 6 வோல்ட், 45 வாட். முழு வேகத்தில் சுற்றும்போதும் ஏழரை ஆம்பியர்தான் கிடைக்கும். ஹெட்லைட், பின்விளக்கு, ஹாரன், இக்னிஷன் காயில் எல்லாமே அதற்குள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்து இரவுச் சாலைக்கு அது போதும். இன்று எதிரே வருகிற வண்டிகளின் வெளிச்சத்துக்கு முன்னால் போதவில்லை. அதனால் 12 வோல்ட் காந்த ஜெனரேட்டர் பொருத்த முடிவு செய்தேன். ஜாவாவுக்கென்றே செக் நாட்டின் வேப் நிறுவனம் இதைச் செய்கிறது.

டைனமோவில், எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கின் முனையோடு சுற்றுவது ஆர்மேச்சர். இரும்புத் தகடும் செப்புக் கம்பியும் அடர்ந்த உருளை அது. அதன்மேல் கார்பன் பிரஷ் உரசிக்கொண்டே இருக்கும். புதியதில் கம்பிச் சுற்றுகள் அசையாமல் நிற்கின்றன, காந்தம் பதித்த கிண்ணம் மட்டும் சுற்றுகிறது. பிரஷும் இல்லை, தீப்பொறிக்காக மின்சாரத்தை வெட்டிவிடும் பாயிண்டும் இல்லை. இரண்டையும் கைக்கொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். ஆர்மேச்சர் இருந்த கை தானாகத் தாழ்ந்தது.

கழற்றுவதில் சிரமமில்லை. பிரஷ்களை முதலில் தூக்கிவிட வேண்டும். நடு போல்ட்டை எடுத்துவிட்டு, அதே துளையில் கழற்றுவதற்கான பெரிய போல்ட்டை முறுக்கினால், 'டக்' என்ற சத்தத்தோடு ஆர்மேச்சர் பிடி விடும். சுத்தியலுக்கு இங்கே வேலையே இல்லை. திறந்த கையோடு கிராங்க் ஆயில் சீலையும் மாற்றினேன். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் அந்த சீல் வழியாகக் காற்று புகுந்தால் எந்த இக்னிஷனும் ஒழுங்காக ஓடாது.

நேரம் பிடித்தது டைமிங்தான், அதாவது தீப்பொறி விழும் தருணத்தைப் பிஸ்டனின் இடத்தோடு பொருத்துவது. இந்தக் காந்தக் கிண்ணத்துக்குக் கீ, அதாவது தண்டோடு பூட்டிவைக்கும் சிறு உலோகத் துண்டு, கிடையாது. கிராங்கின் கூம்பிய முனையான டேப்பர்தான் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். எனவே பழைய கீயை எடுத்துவிட்டு, டேப்பரையும் கிண்ணத்தின் உட்புறத்தையும் தின்னரில் நனைத்த துணியால் கறுப்பு வருவது நிற்கும்வரை துடைத்தேன். ஒரு துளி எண்ணெய் இருந்தாலும் கிண்ணம் வழுக்கும், டைமிங் போய்விடும். கரி சுரண்டுவதற்காக சிலிண்டர் ஹெட்டை ஏற்கெனவே கழற்றியிருந்ததால் பிஸ்டனின் உயரத்தை நேராக அளக்க முடிந்தது. உச்சியைக் குறித்துக்கொண்டு, கையேடு சொன்ன மில்லிமீட்டர் அளவுக்குப் பிஸ்டனைப் பின்னோக்கி இறக்கி, கிண்ணத்தின் கோடும் அடித்தட்டின் கோடும் ஒன்றாக வரும்படி வைத்து இறுக்கினேன். இறுக்கும்போது கிண்ணம் மயிரிழை நகரும். மறுபடி அளக்காமல் விடக் கூடாது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் டைமிங் லைட் அடித்துப் பார்த்தேன். கோடு அசையாமல் நின்றது.

பலரும் கவனிக்காத இடம் சாவி. பழைய இக்னிஷனில் சாவியை எடுத்தால் காயிலுக்குப் போகும் மின்சாரம் அறுந்து எஞ்சின் நிற்கும். புதியதில் நேர் எதிர்: ஒரு கம்பியை பாடியோடு எர்த் செய்தால்தான் நிற்கும். நடுவில் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்துப் பழைய சாவியையே பயன்படுத்தலாம் என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரிலே வேலை செய்ய பேட்டரி வேண்டும். பேட்டரி செத்தாலும் உதைத்துக் கிளப்பலாம் என்பதுதானே இந்த ஏற்பாட்டின் பெரிய பலம்! ஆகவே சீட்டுக்கு அடியில் ஒரு தனி சுவிட்ச் வைத்தேன். சாவி இப்போது விளக்குக்கும் ஹாரனுக்கும் மட்டும்.

பல்புகள், ஹாரன், பேட்டரி எல்லாம் 12 வோல்ட்டுக்கு மாறின. வயரிங்கில் பெரிய மாற்றமில்லை: 35 வாட் பல்பு 6 வோல்ட்டில் ஏறக்குறைய 6 ஆம்பியர் இழுக்கும், 12-இல் 3 போதும். பழைய கம்பிகளுக்குச் சுமை பாதியாகிவிட்டது. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் திருகினாலே பேட்டரி முனையில் மீட்டர் 14 வோல்ட்டைத் தொடுகிறது.

ஓட்டிப் பார்க்கக் கொல்லிமலைக்குப் போனேன். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலை அது. சுற்றுகிற எடை குறைந்ததால் திருகியவுடன் எஞ்சின் எகிறுகிறது, கியர் குறைக்கும்போது வேகம் சட்டென்று ஒத்துப்போகிறது. அதே காரணத்தால், வளைவில் மிக மெதுவாக, தள்ளாடும் வேகத்தில் இழுக்கும்போது பழைய பொறுமை இல்லை. முன்பு ஆர்மேச்சரின் கனமே எஞ்சினை அடுத்த வெடிப்புவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. இப்போது ஒரு கியர் முன்னதாகவே குறைக்க வேண்டியிருக்கிறது. ஐட்லிங்கையும் கார்புரேட்டரில் சற்று ஏற்றிவைத்தேன். ஜாவாவின் அந்த நிதானமான 'டுப் டுப்'புக்காகவே வண்டி வைத்திருப்பவர்கள் இதை யோசித்துச் செய்யட்டும். இரவில் நம்பிப் போக வேண்டும் என்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன்: மாற்றுங்கள்.

எஞ்சின் உறையில் எதையும் வெட்டவோ துளைக்கவோ இல்லை. டைனமோ, கீ, பாயிண்ட் எல்லாவற்றையும் எண்ணெய் தடவிக் கட்டிவைத்திருக்கிறேன். ஹெட்லைட்டின் ரிஃப்ளெக்டர் மங்கிப்போயிருக்கிறது. அடுத்து அதற்கு வெள்ளிப் பூச்சு போட வேண்டும்.