நெல், அரிசி, சோறு: கெமரிலும் மூன்று சொல்

அண்ணன் மகன் கம்போடியாவின் தலைநகர் ப்னோம் பென்னில் வேலை பார்க்கிறான், அங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணமும் செய்துகொண்டான். முதல் பொங்கலுக்கு இரண்டு பேரும் பெரம்பூர் வந்திருந்தார்கள். மருமகளுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு அவள் மொழியான கெமர் தெரியாது, நடுவில் கொஞ்சம் இங்கிலீஷ், அவ்வளவுதான்.

பொங்கலன்று காலை மொட்டை மாடியில் பானையில் பால் பொங்கிவிட்டது. அண்ணி அவசரத்தில் "ரைஸ் கொண்டு வாம்மா, ரைஸ்" என்றார். அந்தப் பெண் ஓடிப்போய், மதியத்துக்கு வடித்து வைத்திருந்த சோற்றை ஒரு கிண்ணத்தில் போட்டு ஆவி பறக்கக் கொண்டுவந்து நீட்டினாள். அண்ணி கேட்டதோ களைந்து வைத்திருந்த பச்சரிசியை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனாலும் அவள் முகம் வாடிப்போனது. எனக்கு அது மனசை உறுத்திக்கொண்டே இருந்தது, ஏனென்றால் தப்பு அவள் மேலும் இல்லை, அண்ணி மேலும் இல்லை, ரைஸ் என்கிற அந்த ஒரு சொல்லின் மேல்தான்.

சாப்பாடு முடிந்ததும் அவளைக் கூடத்தில் உட்கார வைத்து மூன்று கிண்ணம் வைத்தேன். வாசலில் கட்டியிருந்த நெற்கதிரிலிருந்து உருவிய நெல் ஒன்றில், அரிசி ஒன்றில், சோறு ஒன்றில். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவளும் விரலை வைத்துச் சொன்னாள். நெல்லுக்கு 'ஸ்ரௌ', அரிசிக்கு 'அங்கா', சோற்றுக்கு 'பாய்'. இந்தப் பாய் தரையில் விரிக்கும் பாய் மாதிரி இல்லை, பிரியாணிக் கடையில் "பாய், ஒரு பிளேட்" என்கிறோமே, அந்த முதல் எழுத்து. மூன்றுக்கு மூன்று அப்படியே பொருந்தியது! நடவு, அறுப்பு, உலை என்று நெல்லோடு வாழ்ந்த இரண்டு கூட்டத்துக்கும் உமியோடு இருப்பதும் வெந்து இலையில் விழுவதும் ஒன்றாகத் தோன்றியதே இல்லை. இங்கிலீஷ்காரர்களுக்கு நெல்லைத் தனியாகச் சொல்ல வேண்டி வந்தபோது 'பாடி' என்ற மலாய்ச் சொல்லைத்தான் எடுத்து 'பேடி' ஆக்கிக்கொண்டார்கள்.

அதற்கு மேல் அவள் நிறுத்தவே இல்லை. சமையலறைக்கு அவர்கள் ஊரில் 'ப்தே பாய்', அதாவது சோற்று வீடு. சாப்பிடுவது 'ஞாம் பாய்'. நூடுல்ஸே சாப்பிட்டிருந்தாலும் "ஞாம் பாய் ஆச்சா" என்றுதான் கேட்பார்களாம், நாம் "சாப்டாச்சா" என்று கேட்கிற அதே இடத்தில், அதே அக்கறையோடு. கஞ்சிக்கு 'பபோ'. பன்றி இறைச்சியை வாட்டிச் சோற்றின் மேல் வைத்துக் காலையில் சாப்பிடுவது 'பாய் சாச் ச்ரூக்'.

நான் ரொம்ப நேரம் நின்றது 'அங்கா'வில்தான். அங்கோர் வாட் என்கிறோமே, அந்த அங்கோர் நம் 'நகர'த்தின் மாறிய வடிவம். அரிசிக்கான அங்காவும் அந்த ஊர்ப் பெயரும் எழுத்தில் கிட்டத்தட்ட ஒன்று. அவள் இரண்டையும் பேப்பரில் எழுதிக் காட்டினாள். இரண்டிலும் 'ங'வுக்கு அடியில் ஒரு குட்டி எழுத்து தொங்குகிறது, அரிசியில் அது வடமொழியின் முதல் 'க' (நம் 'கடல்' என்பதில் வருவது), நகரத்தில் அது வடமொழியின் மூன்றாவது 'க' ('கங்கை'யின் முதல் எழுத்து). வேறு வித்தியாசமே இல்லை. அந்த மூன்றாவது 'க'வை இப்போது அவர்கள் அழுத்திச் சொல்வதில்லை, அதுவும் முதல் 'க' மாதிரிதான் ஒலிக்கிறது, ஆனால் பின்னால் வரும் உயிரை ஓகாரத்தின் பக்கம் தள்ளிவிடுகிறது. அதனால் அரிசி 'அங்கா', ஊர் 'அங்கோ'. கடைசியில் எழுதுகிற 'ர' வாயில் வருவதே இல்லை.

இந்த எழுத்து நமக்கு அந்நியம் இல்லை. கெமர் எழுத்து பல்லவர் காலத்து எழுத்திலிருந்து வந்தது. தேதி போட்ட கெமர்க் கல்வெட்டுகளில் மிகப் பழையது அங்கோர் போரெய் என்ற ஊரில் கிடைத்தது, அது 611ஆம் ஆண்டு. ஏறக்குறைய அதே காலத்தில்தான் இங்கே மகேந்திரவர்மன் பல்லாவரம் குன்றில் குகையைக் குடைந்து தன் பட்டப் பெயர்களை வெட்டி வைத்தான். புறநகர் ரயிலில் தினமும் கடந்துபோகிற பல்லாவரம்தான். அவள் வளைத்து வளைத்து எழுதியதைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் குகைதான் கண்ணில் நின்றது.

அப்புறம் ஒன்று சொன்னாள், அண்ணி கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். 'ப்சும் பென்' என்று 15 நாள், தேய்பிறையில் தொடங்கி அமாவாசையில் முடியுமாம். விடியும் முன்பே கோயிலுக்குப் போய், எள் கலந்த சோற்று உருண்டைகளை இருட்டில் சுற்றிலும் போடுவார்கள், பசியோடு அலையும் முன்னோருக்காக. அந்த உருண்டைக்குப் பெயர் 'பாய் பென்'. பென் என்பது நம் பிண்டம். பெரும்பாலும் நம் மகாளய பட்சம் வருகிற அதே நாட்கள். "எங்க அம்மாவுக்கும் எள்ளுதாண்டி வைப்போம்" என்று அண்ணி தமிழிலேயே சொன்னார், அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை, அவளும் தலையாட்டினாள்.

இதையெல்லாம் எழுத ஒரு காரணம் இருக்கிறது. நம் வீடுகளிலேயே இப்போது "ரைஸ் போடவா", "ரைஸ் வாங்கணும்" என்று சோற்றுக்கும் அரிசிக்கும் ஒரே சொல்லைப் பேசுகிறோம். எதிர் ஃபிளாட் குழந்தைக்கு நெல்லைக் காட்டினால் அதுவும் ரைஸ் என்கிறது. எனக்கு இது வருத்தமாகத்தான் இருக்கிறது. கம்போடியாவிலிருந்து வந்த பெண்ணுக்கும் எங்களுக்கும் மூன்று சொல் சரியாக இருந்தபோது, நடுவில் புகுந்த ஒரு சொல்தான் குழப்பியது.

அவர்கள் கிளம்பிப் போனபின் பார்த்தேன், அண்ணி வீட்டு அரிசி டப்பாவில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. மேலே 'அரிசி' என்று கோணல் மாணலாகத் தமிழில், கீழே கெமரில், அடியில் தொங்கும் அந்தக் குட்டி 'க'வோடு.