அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியும் மண்டல அணிப் பட்டியலும்

அமெரிக்காவில் கல்லூரி ஹாக்கிப் பருவம் ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. அது முடியும் தறுவாயில், தேசிய ஃபீல்டு ஹாக்கிப் பயிற்சியாளர்கள் சங்கம் நாட்டைப் பல மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மண்டலத்திலும் அந்த ஆண்டு சிறப்பாக ஆடிய மாணவிகளை முதல் அணி, இரண்டாம் அணி என்று தேர்ந்தெடுத்து அறிவிக்கிறது. இந்த அணிகள் எந்தப் போட்டியிலும் களமிறங்குவதில்லை. பட்டியலில் பெயர் இடம்பெறுவதுதான் விருது. தேசிய அளவிலான விருதுகளே அதிகம் பேசப்படுகின்றன என்றாலும், ஆண்டுதோறும் நான் ஆவலோடு எதிர்பார்ப்பது இந்த மண்டலப் பட்டியலைத்தான். இந்த ஆட்டத்தில் யார் எந்த வேலையைச் செய்தார்கள் என்பதை அறிந்தவர்கள் தயாரிக்கும் பட்டியல் என்பதே அதற்குக் காரணம்.

இந்தியாவில் ஹாக்கி என்றதும் முதலில் ஆண்களின் அணியே நினைவுக்கு வரும். அமெரிக்கக் கல்லூரிகளிலோ இது முற்றிலும் பெண்களின் விளையாட்டு. 1901ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து வந்த கான்ஸ்டன்ஸ் ஆப்பிள்பீ என்ற உடற்பயிற்சி ஆசிரியை, ஹார்வர்டின் கோடைக்காலப் பள்ளியில் இந்த ஆட்டத்தை அறிமுகப்படுத்தினார். பிறகு வாசர், பிரின் மார் போன்ற மகளிர் கல்லூரிகளில் அது வேரூன்றியது. கல்வி நிறுவனங்களில் பெண்களுக்குச் சம வாய்ப்பைக் கட்டாயமாக்கிய 1972ஆம் ஆண்டுச் சட்டம் கல்லூரி அணிகளுக்குப் பெரும் வலிமை சேர்த்தது. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. 1981இல் நடத்திய முதல் சாம்பியன்ஷிப்பைக் கனெக்டிகட் பல்கலைக்கழகம் வென்றது. இன்று கல்லூரி விளையாட்டின் மிக உயர்ந்த நிலையான முதல் பிரிவில் ஏறத்தாழ 80 அணிகள் இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை மாசசூசெட்ஸ் முதல் வட கரோலினா வரையிலான கிழக்குக் கரையோர மாநிலங்களைச் சேர்ந்தவை. மேற்குக் கரையில் ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம், யு.சி. டேவிஸ் ஆகிய மூன்று அணிகளே ஆடிவருகின்றன.

அணிகள் இப்படி ஒரு பக்கமாகக் குவிந்திருப்பதை மனத்தில் கொண்டால்தான் மண்டல விருதின் பொருள் விளங்கும். கல்லூரி அணிகள் கான்ஃபரன்ஸ் எனப்படும் கூட்டமைப்புகளாகச் சேர்ந்து ஆடுகின்றன. ஒவ்வொரு கூட்டமைப்புக்கும் தனித்தனி விருதுகளும் உண்டு. ஆனால் இக்கூட்டமைப்புகள் நில எல்லைகளைப் பொருட்படுத்துவதில்லை. அட்லாண்டிக் கரையின் பெயரைத் தாங்கிய ஏ.சி.சி. கூட்டமைப்பில் 2024 முதல் பசிபிக் கரையிலுள்ள ஸ்டான்ஃபோர்டும் கலிபோர்னியாவும் உறுப்பினர்கள். மறுபுறம், பிலடெல்பியா என்ற ஒரே நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்கொண்டால், பென்சில்வேனியா பல்கலைக்கழகம் ஐவி லீகிலும், செயின்ட் ஜோசப்ஸ் அட்லாண்டிக் 10இலும், டிரெக்சல் சி.ஏ.ஏ.யிலும், டெம்பிளும் வில்லனோவாவும் பிக் ஈஸ்டிலும் ஆடுகின்றன. சில மைல் இடைவெளியில் பயிற்சி செய்யும் மாணவிகள் நான்கு வெவ்வேறு கூட்டமைப்புகளின் விருதுகளுக்குப் போட்டியிடுகிறார்கள். இவர்கள் அனைவரையும் ஒரே தராசில் நிறுத்திப் பார்ப்பது மண்டலப் பட்டியல்தான். சிறிய கூட்டமைப்பில் ஆடும் ஒருத்தி, பெரும் பணமும் புகழும் கொண்ட அணியின் ஆட்டக்காரியோடு சமமாக வைத்து மதிப்பிடப்படுவது அங்கேதான் தொடங்குகிறது. இந்த ஒப்பீடு வெறும் சம்பிரதாயம் அல்ல என்பதற்கு 2024ஆம் ஆண்டே சான்று: அட்லாண்டிக் 10 என்ற அதிகம் பேசப்படாத கூட்டமைப்பிலிருந்து வந்த செயின்ட் ஜோசப்ஸ் தேசிய இறுதி ஆட்டம் வரை முன்னேறி, அங்கேதான் நார்த்வெஸ்டர்ன் அணியிடம் 5-0 என்று தோற்றது.

இந்த விருதை நான் மதிப்பதற்கு இன்னொரு காரணம், வாக்களிப்பவர்கள் பயிற்சியாளர்கள் என்பது. ஹாக்கியின் புள்ளிவிவரத் தாள் பெரும்பாலும் முன்கள ஆட்டக்காரர்களுக்கே சாதகமானது. கோல் அடித்தால் இரண்டு புள்ளி, கோலுக்கு உதவினால் ஒன்று. கோல்கீப்பருக்குத் தடுத்த பந்துகளின் எண்ணிக்கை இருக்கிறது. பின்கள ஆட்டக்காரிக்கு உள்ள ஒரே ஆறுதல், கோல்கீப்பரைத் தாண்டிய பந்தைக் கோல் கோட்டில் நின்று தடுத்தால் தனியாகக் குறிக்கப்படும் எண்ணிக்கை. சிறந்த பின்கள ஆட்டக்காரிகளுக்கே ஒரு பருவம் முழுவதும் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் அது அமையும்.

தடுக்கும் அணி தன் கோலுக்கு அருகே தவறிழைத்தால் எதிரணிக்குக் கிடைக்கும் பெனால்டி கார்னர் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். தடுக்கும் அணியில் கோல்கீப்பர் உட்பட ஐந்து பேர் மட்டுமே கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். பந்து உள்ளே தள்ளப்பட்ட கணத்தில், முகக்கவசம் அணிந்த ஒரு பெண், பந்தை மட்டையால் இழுத்து வேகமாக வீசும் டிராக் ஃபிளிக் அடிக்கப்போகும் ஆட்டக்காரியை நோக்கி நேராக ஓடுகிறாள். அவளுடைய வேலை கோணத்தை அடைப்பது. அவள் நன்றாக ஓடினால், அடிப்பவள் பந்தைத் தனக்கு வசதியில்லாத பக்கம் திருப்ப நேரிடும், அல்லது அவசரத்தில் அடித்த பந்து கம்பத்துக்கு வெளியே போகும். அந்த ஓட்டத்துக்குப் புள்ளிவிவரத் தாளில் இடமே இல்லை. ஆனால் எதிரணியின் பயிற்சியாளருக்கு அவள் யாரென்று நன்றாகத் தெரியும். அவளைத் தவிர்ப்பதற்காகவே அவர் கார்னர் உத்தியை மாற்றி, பந்தை வேறொருத்திக்கு நகர்த்தச் சொல்லியிருப்பார். அப்படிப்பட்டவர் நவம்பரில் வாக்குச்சீட்டை நிரப்பும்போது அந்தப் பெயரை எழுதுகிறார் என்றால், அதைவிட நேர்மையான பாராட்டு விளையாட்டில் அரிது என்றே நான் கருதுகிறேன்.

புகழ்பெற்றவர்களுக்கு மண்டல அணி ஒரு படிக்கட்டு மட்டுமே. வட கரோலினாவுக்காக ஆட்டக்காரியாக நான்கு தேசியப் பட்டங்களை வென்று, 2023 ஜனவரியில் 22 வயதில் அதே அணியின் தலைமைப் பயிற்சியாளராகி, அந்த ஆண்டே மீண்டும் பட்டம் வென்ற எரின் மேட்சனை மதிப்பிட மண்டல விருது தேவையில்லை. சாக்லேட்டுக்குப் பெயர்போன ஹெர்ஷியிலிருந்து வந்து, நார்த்வெஸ்டர்ன் அணியோடு 2021, 2024 பட்டங்களை வென்ற மேடி ஸிம்மரோ, பிரின்ஸ்டனின் பெத் யேகரோ பாரிஸ் ஒலிம்பிக்கில் தம் நாட்டுக்காகவே ஆடியவர்கள். ஆனால் ஒலிம்பிக் அணிக்குத் தேவைப்படுபவர்கள் 16 பேர்தான். அமெரிக்காவில் ஹாக்கிக்குத் தொழில்முறை லீகும் இல்லை. ஆகவே கல்லூரி ஆட்டக்காரிகளில் மிகப் பெரும்பாலோருக்கு நான்காம் ஆண்டின் நவம்பரோடு போட்டி ஹாக்கி முடிந்துவிடுகிறது. பணமும் அதிகம் இல்லை: முதல் பிரிவில் அண்மைக்காலம் வரை ஓர் அணிக்கு 12 பேருக்கான உதவித்தொகையே உச்ச வரம்பாக இருந்தது, அதையும் இருபதுக்கு மேற்பட்டவர்களிடையே பகிர்ந்தளித்தார்கள், ஐவி லீகிலோ விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. இந்தச் சூழலில், மண்டல இரண்டாம் அணியில் வரும் ஒரு பெயர், விடியற்காலைப் பயிற்சிக்கும் பேருந்துப் பயணங்களுக்கும் நடுவே படிப்பை முடித்த ஒருத்திக்கு அவள் துறையின் மூத்தவர்கள் எழுத்தில் தரும் ஒரே சான்றாக அமைந்துவிடுகிறது.

குறைகளும் இருக்கின்றன. வலுவான அணிகள் நெருங்கிக் கிடக்கும் நடு அட்லாண்டிக் மண்டலத்தில் இரண்டாம் அணியில் இடம்பிடிப்பது, வேறு சில மண்டலங்களில் முதல் அணியில் இடம்பிடிப்பதைவிடக் கடினமாக இருக்கக்கூடும். பட்டியலைப் படிப்பவர்களுக்கு இந்த வேறுபாடு புலப்படுவதில்லை. வென்ற அணிகளின் பெயர்கள் வாக்காளர் மனத்தில் எளிதில் முந்திக்கொள்வதும் இயல்பே. பத்து ஆட்டங்களில் தோற்ற அணியின் கோல்கீப்பர்தான் பெரும்பாலும் அந்த மண்டலத்திலேயே அதிகமாக உழைத்தவராக இருப்பார். சங்கம் ஒன்று செய்யலாம் என்பது என் விருப்பம்: ஒவ்வொரு பெயரோடும் கல்லூரி, களத்தில் ஆடும் நிலை ஆகியவற்றோடு நிறுத்தாமல், அவரைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணத்தைப் பயிற்சியாளர்களின் சொற்களிலேயே இரண்டு வரிகளில் வெளியிடலாம். கோல் அடித்தவர்களுக்கு அது தேவைப்படாது. கார்னரின்போது முதலில் ஓடியவளுக்கும், இடது பின்களத்தில் எதிரணியின் சிறந்த ஆட்டக்காரியை அறுபது நிமிடமும் ஓரத்துக்கே தள்ளி வைத்தவளுக்கும், அந்த இரண்டு வரிகள் பெரிய கௌரவமாக இருக்கும். அடுத்த ஆண்டு இந்த ஆட்டத்தைக் காணவரும் எங்களைப் போன்றவர்களுக்கும் எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரியும்.