மூங்கில் என்று வந்த துணி

துணிப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன். ஒருநாள் 'நூறு சதவீதம் மூங்கில்' என்ற லேபிளோடு ஒரு பனியன் துணி வந்தது. ஒரு நூலைப் பிரித்துத் தீயில் காட்டினேன். காகிதம் எரிகிற வாசனை, விரல் பட்டதும் உதிர்கிற சாம்பல். பாலியஸ்டராக இருந்தால் உருகிக் கெட்டி மணியாகியிருக்கும். பட்டு, கம்பளி என்றால் முடி கருகிய நாற்றம் வரும். சரி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். பருத்தி இழை முறுக்கிய நாடா மாதிரி தெரியும். இதில் முறுக்கு இல்லை, நீளவாக்கில் மெல்லிய கோடுகள்தான். விஸ்கோஸ், அதாவது தாவரக் கூழை ரசாயனத்தில் கரைத்துச் செய்யும் இழை.

ரிப்போர்ட் போனதும் அனுப்பியவர் போன் செய்தார். "மேடம், மூங்கில்லருந்துதானே எடுக்கிறாங்க, நாங்க பொய் சொல்லலையே?" அவர் ஏமாற்றுகிறவர் இல்லை. தனக்குச் சொல்லப்பட்டதை அப்படியே நம்பியிருந்தார். கூழைக் காஸ்டிக் சோடா, கார்பன் டைசல்பைடு கொண்டு கரைசலாக்கி, நுண்துளைகள் வழியாக அமிலத்துக்குள் செலுத்தி இழையாக்குகிறார்கள் என்று விளக்கினேன். 1892-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற முறை இது. கூழ் மரத்திலிருந்து வந்தாலும் மூங்கிலிலிருந்து வந்தாலும் கிடைப்பது விஸ்கோஸ்தான். கார்பன் டைசல்பைடு தொழிலாளர்களின் நரம்பைப் பாதிக்கும். 'மூங்கில்' என்ற ஒற்றைச் சொல் அவர்களை மறைத்துவிடுகிறது. எனக்கு வலிப்பது அதுதான்.

தெரிந்ததை வைத்துத் தெரியாததைக் கற்பனை செய்வது பழைய பழக்கம். கம்பளி பழகிய ஐரோப்பாவில், பருத்தி என்பது செடியில் காய்க்கும் ஆட்டுக்குட்டி என்றே ஒரு கதை உலவியது. ஜெர்மன் மொழியில் பருத்திக்கு இன்றும் 'மரக் கம்பளி' என்றுதான் பெயர். ரோமானியரான பிளினி, பட்டு நூலை மர இலையிலிருந்து சீவி எடுப்பதாக எழுதினார். பார்க்காதவர்கள் சொன்னது, அதில் எனக்குக் கோபமில்லை.

நைலான் கதைதான் என்னால் பொறுக்க முடியாதது. நியூயார்க், லண்டன் இரண்டையும் சேர்த்து வைத்த பெயராம். அது உண்மையில்லை. பயிற்சிக்கு வருகிறவர்கள் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள். டூபான்ட் நிறுவனத்தில் 1935-இல் அந்த இழையை உருவாக்கியது வாலஸ் கரோதர்ஸின் குழு. 1938-இல் உலகுக்கு அறிவித்தபோது அவர் உயிரோடு இல்லை. ஊர்ப் பெயர்க் கதை தெரிந்தவர்களுக்கு அவர் பெயர் தெரிவதில்லை.

அப்புறம் அந்தப் பனியன்காரர் புது லேபிளை அனுப்பிச் சரிபார்க்கச் சொன்னார். 'மூங்கிலிலிருந்து தயாரித்த விஸ்கோஸ்' என்று இருந்தது. எழுத்துகளின் அளவை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னேன்.