எஸ்ஜிபிடி ஏறுவதற்கு முன்னால்

ஜூன் 9

ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர், காசநோய் மாத்திரை தொடங்கிய புதிது. "ஏம்மா, ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போகுதே, மஞ்சக்காமாலையா?" என்றார். அந்த மாத்திரையிலுள்ள ரிஃபாம்பிசின் மருந்து அப்படித்தான், பயப்படாதீங்கண்ணே என்றேன். வம்பே இதில்தான். காசநோய் மருந்து சிலரின் ஈரலைப் பாதிக்கும். சிறுநீர் நிறம் மாறினால் உடனே வாங்க என்பதுதான் ஈரல் பாதிப்புக்கு நாங்கள் வழக்கமாகச் சொல்லும் எச்சரிக்கை. இவர்களுக்கு அந்த அடையாளம் முதல் நாளே கெட்டுப்போகிறது. கண் மஞ்சளானாலோ, வாந்தி வந்தாலோ, சோறு இறங்காவிட்டாலோ வரச்சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 12

வார்டிலிருந்து பச்சை மூடி ட்யூபில் ரத்தம். அதிலுள்ள ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுப்பது) பிசிஆர் சோதனையைக் கெடுத்துவிடும். ஈரல் பாதிப்பை முன்கூட்டியே காட்டுமா என்று நாங்கள் சோதிக்கும் மைக்ரோ ஆர்என்ஏ-122 என்ற சிறு ஆர்என்ஏ துணுக்கைப் பார்க்க ஊதா மூடிதான் வேண்டும். திருப்பி அனுப்பினேன். நர்ஸ் அக்காவுக்குக் கோபம். மறுபடி ஊசி குத்த வேண்டியவர் அவர்தானே.

இந்த 122 பெரும்பாலும் ஈரல் செல்லில்தான் இருக்கும். வழக்கமான ஈரல் சோதனையில் பார்க்கும் நொதியான எஸ்ஜிபிடியோ தசை அடிபட்டாலும் ஏறும். பாராசிட்டமால் அதிகம் கொடுத்த எலிகளின் ரத்தத்தில் எஸ்ஜிபிடிக்கு முன்பே 122 ஏறியதை 2009-இல் காட்டினார்கள். ஆனால் மனிதர்களில் ஆளுக்கு ஆள் அளவு ஏகத்துக்கு மாறுகிறது. அதனால்தான் முதல் மாத்திரைக்கு முன்பே ஒரு சாம்பிள் எடுத்துவைக்கிறோம்.

ஜூன் 20

இன்னொரு காசநோய் மருந்தான ஐசோனியாசிட் சாப்பிடுபவர்களில் 10 முதல் 20 சதவீதம் பேருக்கு எஸ்ஜிபிடி லேசாக ஏறும். பெரும்பாலோருக்கு மருந்தை நிறுத்தாமலே இறங்கிவிடும், ஈரல் பழகிக்கொள்கிறது. சிலருக்குத்தான் முற்றுகிறது. ஆகவே சீக்கிரம் மணியடித்தால் மட்டும் போதாது. எல்லோருக்கும் அடிக்கிற மணியை நம்பி மருந்தை நிறுத்தினால் காசநோய் தலைதூக்கும். அறிகுறி இருந்தால் எஸ்ஜிபிடி இயல்பான உச்ச அளவைப்போல் 3 மடங்கு, இல்லாவிட்டால் 5 மடங்கு தாண்டியதும் நிறுத்து என்பது இப்போதைய விதி. எஸ்ஜிபிடி 3 மடங்கோடு, மஞ்சள் நிறம் தரும் பிலிருபினும் 2 மடங்கைத் தாண்டினால் சுமார் 10 சதவீதம் பேர் பிழைப்பதில்லை.

என் நம்பிக்கை ஈரல் செல்லில் இருக்கும் கெரட்டின்-18 என்ற புரதத்தின் மேல். செல் தானாக மடிந்தால் அது ரத்தத்தில் வெட்டுப்பட்டு வரும். வெடித்துச் செத்தால் முழுசாக வரும். எந்த வகைச் சாவு என்று தெரிந்தால், பழகப்போகும் ஈரலையும் முற்றப்போகும் ஈரலையும் பிரிக்க முடியலாம்.

ஜூன் 27

மரபணுவைப் பார்த்தாலே போதாதா என்று ஜூனியர் பையன் கேட்டான். ஐசோனியாசிட்டைச் சிதைக்கும் நொதிக்கான என்ஏடி2 மரபணு மந்தமாக வேலைசெய்பவர்களுக்கு ஆபத்து கூடுதல்தான். ஆனால் நம்மூரில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த ரகம். அவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. எல்லோருக்கும் மருந்தை மறுக்க முடியுமா?

ஜூலை 4

கெரட்டின்-18-ஐ அளக்கும் எலைசா சோதனைத் தட்டு விலை அதிகம். 96 குழிகளும் நிரம்பும்வரை சாம்பிள்கள் மைனஸ் 80-இல் காத்திருக்கின்றன. முன்கூட்டியே சொல்ல வேண்டிய சோதனையின் முடிவு, அன்று சாயங்காலமே கைக்கு வரும் எஸ்ஜிபிடி ரிப்போர்ட்டுக்கு வெகுநாள் கழித்துத்தான் வருகிறது.